மூன்றரை வெள்ளை, ஒரு மஞ்சள்

மார்ச் 4, புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முதலில் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள். வரி மேலே ஏறுகிறது, நடுவில் தொங்குகிறது, கடைசியில் காகிதத்தை விட்டே இறங்கப் பார்க்கிறது. நாற்பத்தைந்து வருடம் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பியவன் கையால் ஒரு வரி நேராக வரவில்லை. முதியோர் இல்லத்தில் என் பக்கத்துக் கட்டில் தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொத்தனாரே, இந்த வீட்டுக்கு யாரும் குடி வரமாட்டாங்க" என்றார்.

நானேதான் எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நேற்று முன்தினம் ஆரம்பித்தேன், இப்போதுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது, குண்டூசி. உன் பெயரை எழுதலாம் என்று பார்த்தேன். அதில் எனக்கு இன்னும் பிடிபடாத எழுத்து ஒன்று இருக்கிறது. அதனால் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரே இருக்கட்டும்.

நீ என்னிடம் பேசி பதினான்கு மாதம் ஆகிறது. நெஞ்சு வலி என்று பொய் சொல்லி இரண்டு தடவை உன்னை வரவழைத்தேன். இரண்டாவது தடவை நீ வேலையை விட்டுவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, நான் சீட்டாடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இனிமே போன் பண்ணாதீங்க. உண்மையா ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, பையைக் கீழேகூட வைக்காமல் போய்விட்டாய்.

எழுதி அனுப்பு என்றாய். அனுப்புகிறேன்.

எப்படிக் கற்றேன் தெரியுமா? எல்லாம் உன் புண்ணியம். மருந்து அறையில் நீ புரோகிராம் எழுதிக் கொடுத்த அலமாரி இருக்கிறதே, அது தினமும் யாருக்கு எந்த மாத்திரை எத்தனை என்று ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துத் தருகிறது. மாத்திரையைக் கொடுத்த பிறகு சிஸ்டர் சீட்டைக் குப்பையில் போடுவார். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். முன்பக்கம் படிக்க, பின்பக்கம் எழுத. தபால்காரர் முதலில் சொல்லிக்கொடுத்த சொல் 'மாத்திரை'. அம்மா, அப்பா எல்லாம் அப்புறம்தான் வந்தது.

என் மகள் எழுதிய கணக்கில்தான் இந்த இல்லத்தில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சமையல்காரர் என்னைப் பார்த்தாலே ஒளிந்துகொள்கிறார்.

பென்சிலை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் நீலமாகிவிட்டது. பரவாயில்லை. பதில் போடுவாயா?

அப்பா

*

மார்ச் 12

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். இல்லத்துக்குப் போன் செய்து சிஸ்டரிடம் கேட்டேன். "அவரேதாங்க எழுதினார். மூணு நாளா மேசைய யாருக்கும் விடல" என்றார். அதன் பிறகும் பதில் எழுத எனக்குச் சில நாள் தேவைப்பட்டது.

உங்களால் எழுத முடியாது என்று தெரிந்துதான் அன்று அப்படிச் சொன்னேன். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இங்கே நான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். ஆபீஸில் யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொன்னால் நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. சமையல்காரரைத் தவிர.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல ஒரு மொழி உண்டு. இருபது வருடம் அதில்தான் நான் சாப்பிட்டேன். இப்போது அதற்குப் புதிய பதிப்பு வந்து, பழையதைக் கைவிட்டுவிட்டார்கள். பெயர் ஒன்றுதான், எழுத்தும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே சில இடங்களில் அர்த்தம் மாறிவிட்டது. எங்கள் பழைய புரோகிராம்களை எல்லாம் புதியதற்கு மாற்ற ஆறு பேரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்கள். ஐந்தே வாரத்தில் கற்றுவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருக்கிறது அது, அப்பா. படித்தால் படித்ததுபோலவே நடக்கிறது. நான்தான் திணறுகிறேன். ஒவ்வொரு வரியிலும் கை பழைய வழிக்கே போகிறது. "உங்களுக்கு மறக்குறதுக்கு நிறைய இருக்கு மேடம், அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் நாள் பழைய பதிப்பின் குணங்களை அவர்களுக்கு விளக்கச் சொன்னார்கள். பழையதில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று, அரையை அது கீழே போட்டுவிடும், புதியதில் மூன்றரை வரும் என்றேன். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் இல்லையா மேடம்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்டிக்காரி அவள்.

உங்கள் மருந்து அலமாரி பிப்ரவரி 22இலிருந்து புதிய பதிப்பில்தான் ஓடுகிறது. அவள்தான் மாற்றினாள். ஒவ்வொரு வரியையும் நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பத்து, எட்டு, ஆறு என்று அளவுகள் கொடுத்துச் சோதித்தோம், எல்லாம் சரியாக வந்தது. உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இந்த வருடக் கடைசியில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வார்களாம். நாற்பத்தெட்டு வயதில் நான் எங்கே போவது?

பென்சிலை அழுத்தாதீர்கள்.

*

மார்ச் 18, புதன்கிழமை

அன்புக் குண்டூசிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது முடித்தேன். தபால்காரர் உதவட்டுமா என்று மூன்று தடவை கேட்டார். கிட்டே வரக்கூடாது என்று விரட்டிவிட்டேன். அவர் நாற்பது வருடம் ஊர்க் கடிதத்தை எல்லாம் பிரிக்காமல் சுமந்தவர். இதையும் பிரிக்காமல் இருக்கட்டும்.

பயப்படாதே. புதிதாகக் கற்பது சுலபம் என்று நீ சொல்கிறாய். எழுபத்தொரு வயதில் ஆரம்பித்தவன் நான், என்னைக் கேள். சுலபம் இல்லை. ஆனால் வெட்கத்தை விட்டுவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். சுவர் கட்டுகிற கொல்லத்து வேலைக்குப் புதிதாக வருகிறவன் கல்லை எப்படிப் பிடிப்பது என்று பத்துத் தடவை கேட்பான். பழையவன் கேட்கமாட்டான். சுவர் கோணினால் யாருடைய சுவர் கோணும் என்று நினைக்கிறாய்? பழையவனுடையது. நீயும் அந்தப் பிள்ளைகள் வரிசையில் போய் உட்கார். அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் கேள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் நல்ல பெண் போலத் தெரிகிறது.

இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, தீயணைக்கும் சிவப்பு உருளை, கழிவறைக் கதவில் எவனோ கிறுக்கிய கெட்ட வார்த்தை, ஒன்றையும் விடுவதில்லை. அந்தக் கெட்ட வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தபோது சிஸ்டர் பின்னால் நின்றிருந்தார்.

வித்தியாசம் தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்கா தெரியாது? முன்பெல்லாம் என் சீட்டில் வெள்ளை 3, மஞ்சள் 1 என்று இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. இப்போது கொஞ்ச நாளாக வெள்ளைக்கு நேரே மூன்று, ஒரு புள்ளி, ஐந்து என்று வருகிறது. தபால்காரர் அதை மூன்றரை என்று படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் கற்ற முதல் புள்ளிக் கணக்கு. சிஸ்டர் பிளேடால் மாத்திரையை இரண்டாக நறுக்கிப் பாதியைத் தருகிறார். மஞ்சள் எப்போதும்போல ஒன்று. "நமக்குப் பதவி உயர்வு வந்திருக்கு" என்று சிஸ்டரிடம் சொன்னேன்.

கையில் அங்கங்கே நீலம் படர்ந்திருக்கிறது. நான் பென்சில் என்று நினைத்தேன், ஆனால் முழங்கைக்கு மேலேயும் இருக்கிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. பிரஷ் கெட்டி என்று தபால்காரர் சொல்கிறார். வேறு ஒன்றும் இல்லை.

காகிதம் தீர்ந்துவிட்டது. கடைசி நாலு வரியை இன்றைய சீட்டின் பின்னால் எழுதுகிறேன். நீ எழுதியது உனக்கே திரும்பி வருகிறது, பார். கீழே ஒரு இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. தப்பாக எழுதியதை ரப்பரால் அழித்தேன், தாள் மெல்லியது, கிழிந்துவிட்டது. பொருட்படுத்தாதே.

அப்பா

*

மார்ச் 23, திங்கள்

அப்பா,

இதை நீங்கள் படிக்கும்போது எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இன்று காலை பஸ்ஸில் பிரித்தேன். மூன்றரை என்ற இடத்துக்கு வந்ததும் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்தே இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ரோட்டோரத்தில் நின்று இல்லத்துக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. ஏழாவது தடவைதான் சிஸ்டர் எடுத்தார். "அந்த மாத்திரைய நிறுத்துங்க, அப்பாவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "நீங்க யாரு பேசுறது?" என்று கேட்டார். மகள் என்று சொல்வதா, கையெழுத்துப் போட்டவள் என்று சொல்வதா?

நடந்ததை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். ஏழடி நீளத்துக்குக் கல் வைக்க வேண்டும். கையில் இரண்டடிக் கல் இருக்கிறது. முழுக்கல் எத்தனை போகும்? மூன்று. மீதி ஓரடிக்கு ஒரு துண்டு. உங்கள் மருந்தின் அளவு ஏழு. ஒரு வெள்ளை மாத்திரைக்குள் இருக்கும் அளவு இரண்டு, ஒரு மஞ்சளுக்குள் ஒன்று. மூன்று வெள்ளை, ஒரு மஞ்சள். அன்று நான் அப்படித்தான் எழுதினேன். ஒரு வரி முழுக்கல்லை எண்ணும், அடுத்த வரி மீதியைப் பார்க்கும். பழைய பதிப்பில் வகுத்தலுக்கு ஒரு சாய்கோடு போட்டால் போதும், பாதிக் கல்லை அது தானே கீழே போட்டுவிடும். புதிய பதிப்பு போடாது. மூன்றரைக் கல் என்று உள்ளபடி சொல்கிறது. ஏழடி அதிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அடுத்த வரி ஓரடித் துண்டைக் கேட்கிறது. சுவர் எட்டடி.

இருபத்தொன்பது நாளாகத் தினமும் ஒன்று கூடுதல், அப்பா. அதில் கடைசி ஐந்து நாள் உங்கள் கடிதம் தபால் பையில் கிடந்தது.

நாங்கள் சோதித்தது பத்து, எட்டு, ஆறு. எல்லாம் இரட்டை எண். ஒற்றை எண் ஒன்று போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கண்ணாடிக்காரப் பெண் மேல் தப்பே இல்லை. அவளுடைய மொழியில் அந்த வரி சரியான வரி. அவள் கற்றபடியே அது நடந்துகொண்டது. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து மூன்று என்று படித்த கண் என்னுடையது. வித்தியாசத்தை வகுப்பில் வாயால் சொல்லிச் சிரித்தவளும் நான்தான். இரண்டு வாரம் கழித்து அதே கோட்டைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளிடம் இன்று சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் அத வகுத்தல்னுதானே நினைச்சேன்" என்றாள். வகுத்தல்தானே அது.

பதினோரு இல்லங்களில் நம் அலமாரி இருக்கிறது. இந்த மாத்திரையை ஒற்றை எண்ணில் சாப்பிடுகிறவர்கள் உங்களைத் தவிர ஒன்பது பேர். எழுத்து மூலம் தெரிவிக்க அனுமதி வரட்டும் என்றார் மேலாளர். நான் காத்திருக்கவில்லை. அவளும் நானும் ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டோம். எட்டு பேர் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அம்மா போன வாரம் குளியலறையில் விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்து இன்னும் கண் திறக்கவில்லையாம். தையல் வேலை செய்தவராம். வழுக்கி விழுந்தார் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறார்கள். இல்லை என்று நான் அவர் மகனிடம் சொன்னேன். அந்தப் போனை இன்னும் என் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து வந்த கடைசிச் செய்தி, உங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்பது. பிறகு ஆஸ்பத்திரி எண் கிடைக்கவே இல்லை. பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றும் வரை என்னை இங்கிருந்து விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

சீட்டில் ஓட்டை விழுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு எழுத்து தெரிகிறது, சொல் தெரியவில்லை. அங்கே என்ன எழுதியிருந்தீர்கள்?

*

ஏப்ரல் 1, புதன்கிழமை

அன்புக் குண்டூசிக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி குத்தியிருக்கிறது, அதனால் காகிதம் நகர்கிறது. இந்தத் தடவை கோணல் என் குற்றம் இல்லை.

நீ வந்து இருந்த இரண்டு நாளும் நாம் அதிகம் பேசவில்லை. நீ ஆரஞ்சு உரித்தாய், நான் சாப்பிட்டேன். ஓட்டையைப் பற்றிக் கேட்டாய், மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை. வாயால் சொன்னால் நெஞ்சு வலிக் கதையாகிவிடுமோ என்று இருந்தது. அதனால் நீ பஸ் ஏறட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

அங்கே எழுதியிருந்தது: சிறுநீர் சிவப்பாகப் போகிறது.

நாலு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் சிஸ்டரிடம் சொன்னேன். "போன வருஷம் நெஞ்சு வலி, இந்த வருஷம் இதுவா தாத்தா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். அவரைச் சொல்லி என்ன? நான் கட்டின சுவர் அது. உனக்கு எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பழைய பொய்யைப் புது எழுத்தில் எழுதியதுபோலவே இருந்தது. அழித்துவிட்டேன். வலிக்கிறது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், மூன்றரை என்று சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். நல்ல வேளை, சிரிக்கிற விஷயத்தை அழிக்காமல் விட்டேன்.

இப்போது நிறம் தெளிந்துவிட்டது. தலையைப் படம் எடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். என்னைப் பார்க்க வந்த தபால்காரரிடம் இதைச் சொன்னேன். அதுதான் எனக்கு எப்பவோ தெரியுமே என்றார்.

படம் எடுக்கும் முன் ஒரு தாள் கொடுத்துக் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். படிக்கணும் என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் 'உயிருக்கு ஆபத்து' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முன் எத்தனை தாளில் விரலை உருட்டியிருக்கிறேன், உன் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த அன்றுகூட. ஒன்றிலும் என்ன இருந்தது என்று தெரியாது. தெரியாததால் பயமும் இல்லை. அன்று அந்த வரியை விரலால் மறைத்துவிட்டு, விரலை எடுத்து மறுபடி படித்தேன். அதன் பிறகுதான் பெயர் எழுதினேன். படிக்கத் தெரிந்தால் சந்தோஷம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பயமும் சேர்ந்துதான் வருகிறது. இதைத் தபால்காரர் முன்னாலேயே சொல்லவில்லை.

முழுக்கல் எண்ணுவதற்குப் புதிய மொழியில் என்ன அடையாளம் என்று நீ காட்டினாயே, இரண்டு சாய்ந்த கோடு, அதை நான் பயின்று பார்க்கிறேன். சாரத்தில் சாத்திய இரண்டு பலகை மாதிரி இருக்கிறது. எனக்கு வரும் எழுத்துகளிலேயே அதுதான் நேராக வருகிறது. நீ வருகிற திங்கட்கிழமையிலிருந்து அந்த ஆறு பேரோடு முதல் பாடத்திலிருந்து உட்காரப் போவதாகச் சொன்னாய். ஆபீஸில் உன் மேல் நடக்கிற விசாரணை முடியும் வரைக்குமாவது உட்கார விடுவார்களா? விட்டால் முதல் வரிசையில் உட்கார். தெரியாததைத் தெரியாது என்று சொல். இரட்டை எண்ணோடு ஒற்றை எண்ணையும் போட்டுப் பார்க்கச் சொன்னவன் உன் அப்பன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்.

தையல்கார அம்மா கண் திறந்தாரா? நீ போகும்போது கேட்கத்தான் நினைத்தேன், உன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். எதுவானாலும் எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது, நானே படித்துக்கொள்கிறேன்.

இன்றைய சீட்டு கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பேனாவால் எழுதியது. அந்த மாத்திரைக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் மற்ற மாத்திரைகள் வருகிற ஒவ்வொரு வேளையும் எண்ணிப் பார்க்கிறேன், எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணுகிறேன். அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது, குண்டூசி. பொய் இல்லை. எழுதியிருக்கிறேன், பார். ரப்பரைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வருகிற புதன்கிழமைக்குள் உன் பெயரில் இருக்கும் அந்த எழுத்தைக் கற்றுவிடுவேன். அன்றைய கடிதம் உன் பெயர் போட்டு வரும்.

அப்பா